தோல் சிவப்பு எல்லையைத் தாண்டியபோது

மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை எடுத்தால் தோல் சிவப்பது வழக்கம்தான். இரண்டு மூன்று கிழமையில் தொடங்கும், முடிந்த பிறகும் கொஞ்ச நாள் கூடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதனால் அம்மாவுக்குச் சிவந்தபோது நான் பதறவில்லை.

ஆனால் கதிர் படும் இடத்துக்குள் சிவந்தால் எல்லை வெட்டினாற்போலத் தெரியும். அம்மாவுக்கோ கழுத்து, மற்றக் கை, காது மடல் வரை பொடிப்பொடியாகக் கொப்புளம், ஒரே அரிப்பு.

வீட்டிலிருந்த மருந்தெல்லாவற்றையும் பையில் போட்டு டொக்டரின் மேசையில் கொட்டினேன். புதிதாகத் தொடங்கிய அன்டிபயோடிக், சத்துக் குளிசை, களுவாஞ்சிகுடி மாமி கொடுத்த லேகியம். மாமிக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "சேராங்கொட்டை போட்டதுதான் மருமகன், இரத்தம் சுத்தமாகும்" என்றார். சேராங்கொட்டைப் பால் பட்டாலே தோல் பொங்கும். சாப்பிட்டாலும் சிலருக்கு ஒவ்வாமை வரும். டொக்டர் லேகியத்தை நிறுத்தி, அன்டிபயோடிக்கையும் மாற்றினார். இரண்டில் எது என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை. கதிர்ச்சிகிச்சை மட்டும் தொடர்ந்தது.

அரிப்புக் குளிசை, ஸ்டீரொயிட் களிம்பு. வெளிக் கொப்புளம் சீக்கிரம் அடங்கியது. கதிர் பட்ட இடம் மெதுவாகத்தான் ஆறியது. வாசனை சோப் இல்லை, இளஞ்சூட்டு நீர், தளர்ந்த பருத்திச் சட்டை. மஞ்சள், வேப்பிலைப் பற்றோடு வந்த சொந்தக்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்து, பற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. டொக்ஸோருபிசின், டோசிடாக்செல் போன்ற புற்றுநோய் மருந்துகளைப் பிறகு ஏற்றினால், ஆறிய இடமே மாதங்கள் கழித்தும் திரும்பச் சிவக்கலாம். அதனால் கதிர் எடுத்த இடத்தையும் திகதியையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.