அறுபதாயிரத்துக்கு ரேஸ் குதிரை: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி வாட்ஸப்பில் வீடியோ அனுப்பினான். செம்பழுப்பு நிறத்தில் உயரமான பெண்குதிரை, மேலெல்லாம் பளபளவென்று மின்னுகிறது. "அண்ணா, ரேஸ் ஓடின குதிரை. அறுபதாயிரம்தான் கேக்கறாங்க. முடிச்சிடட்டுமா?" இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது வீடியோ இது. பார்க்கும்போதெல்லாம் பதினோரு வருடத்துக்கு முந்தைய என் முகம்தான் ஞாபகம் வருகிறது.

குதிரைக்குப் பின்னால் போய் நிற்கக் கூடாது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. முதல் உதையில் அது தானாகப் புரிந்துவிடும்.

விலை ஏன் குறைவு என்று கேட்காமல் வாங்குவது

இதைத்தான் நான் செய்தேன். இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. ரேஸுக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனத்தில் ஐந்து வயதுப் பெண்குதிரை ஒன்று நாற்பத்தைந்தாயிரத்துக்குக் கிடைக்கிறது என்றார் தரகர். ஒரு நல்ல மார்வாரி இனக் குதிரைக்குட்டிக்கு லட்சக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. பைக் விலைக்கு ரேஸ் குதிரையா என்று ஓடினேன். முன்னங்கால் இரண்டிலும் சிவப்பு பேண்டேஜ் அழகாகச் சுற்றியிருந்தது. ரேஸ் குதிரை என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். மணலில் ஓட்டிக் காட்டினார்கள். காற்று மாதிரி ஓடியது.

தோப்புக்கு வந்த நான்காம் நாள் காலையில் வலது முன்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. பேண்டேஜை அவிழ்த்தால், முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் நேர்க்கோடாக இருக்க வேண்டிய தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) வாழைக்காய் மாதிரி வளைந்து வீங்கியிருந்தது. கை வைத்தால் சுட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்த டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: பழைய கிழிசல், வலி மருந்து கொடுத்து ஓடவிட்டுக் காட்டியிருக்கிறார்கள், மருந்தின் வேகம் தீர்ந்ததும் நிஜம் வெளியே வந்திருக்கிறது. இந்தக் கிழிசல் ஆற ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். ஆறினாலும் தழும்பாகத்தான் ஆறும், வேகமாக ஓடவிட்டால் அங்கேயே மறுபடி கிழியும்.

அந்த ஒரு வருடத்தில் தீனி, மருந்து, ஆள் கூலி என்று போனது குதிரையின் விலையைப் போல மூன்று மடங்கு. ஏமாற்றிய தரகர் மீது எனக்கு இருக்கும் கோபத்தைவிட, அந்தக் கணக்கை முன்கூட்டியே போடாத என் மீதுதான் கோபம் அதிகம்.

கணக்கு ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ரேஸ் குதிரை இரண்டு வயதில் ஓட ஆரம்பிக்கிறது. ஐந்தாறு வயதில் பலவற்றின் ஓட்டம் முடிந்துவிடும். ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து வயது வரை இருக்கும். மிச்சம் இருபது வருடத்துக்குச் சோறு போடுவது யார்? லாயத்தில் சும்மா நிற்கும் குதிரைக்கும் தினம் செலவு உண்டு. ரேஸ் மைதானத்தின் வருமானமோ பந்தயப் பணத்தில் இருந்து வருவது. 1996இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொன்னது. வரி போடும்போது மட்டும் அது சூதாட்டத்தோடு ஒரே வரிசையில் நிற்கிறது: 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். இதற்கு நடுவே 2024இல் ஊட்டி மைதானத்தை அரசு திரும்ப எடுத்தது, சென்னை கிண்டி மைதானத்தின் 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. அந்த நிலத்தில் பூங்கா வந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் டீக்கடையிலும் டிவியிலும் நான் கேட்ட பேச்செல்லாம் ஏக்கரும் குத்தகைப் பாக்கியும்தான். குதிரை எங்கே போகும் என்ற பேச்சு என் காதில் விழவில்லை.

எங்கே போகும்? பந்தயம் குறைந்தால் பரிசுத் தொகை குறையும். பரிசு குறைந்தால் சுமாராக ஓடும் குதிரையை வைத்திருக்க உரிமையாளருக்குக் கட்டுப்படி ஆகாது. அது தரகர் கைக்கு வரும், அங்கிருந்து உங்கள் வாட்ஸப்புக்கு வரும். வேறொருவரால் தாங்க முடியாத செலவைத்தான் உங்களிடம் மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள்.

அதற்காக வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பேண்டேஜ் இருந்தால் அவிழ்க்கச் சொல்லி, இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தடவிச் சூடு பாருங்கள். மணல் எல்லாவற்றையும் மறைத்துவிடும், கெட்டித் தரையில் சிறு வட்டமாக ஓட்டச் சொல்லுங்கள். உங்கள் டாக்டரைக் கூட்டிப்போய், வலி மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க ரத்தம் எடுங்கள். இதற்கு ஆகும் சில ஆயிரத்தை மிச்சம் பிடித்தவன்தான் நான்.

லாடம் அடிப்பவருக்கு முன்னால் குதிரையைத் தேடுவது

கால்நடைக் கணக்கெடுப்பில் 2012இல் நாடு முழுக்க 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் 3.4 லட்சமாகிவிட்டன. குதிரை குறைந்தால் அதைத் தெரிந்த கைகளும் குறையும். எங்கள் பக்கம் கால்நடை மருத்துவர்கள் மாட்டைக் கரைத்துக் குடித்தவர்கள், குதிரையைக் கண்டால் தயங்குகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சந்தையில் மாட்டுக்கு லாடம் அடிப்பவரையே அழைத்துவந்துவிட்டார். மாட்டுக் குளம்பு பிளந்தது, அதற்கு இரண்டு தகடு. குதிரைக்கு ஒரே வளையம். ஆணி ஒரு நூல் உள்ளே தள்ளிப் போனாலும் சதை. அந்தக் குதிரை சீழ் பிடித்து ஒன்றரை மாதம் படுத்தது. ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை வந்து குளம்பைச் சீவி லாடம் மாற்ற ஆள் கிடைக்காத ஊரில் இருந்தால், குதிரை ஆசையைத் தள்ளிவையுங்கள்.

குதிரை என்றால் கொள்ளு

கொள்ளு என்றால் வாயைத் திறக்கத்தான் செய்யும். அதற்காக வாளி நிறைய வைக்காதீர்கள். அதன் இரைப்பை ஏறக்குறைய ஒரு குடம் அளவுதான். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தீனி ஒரேயடியாகப் போனால் வயிற்றுவலியில் உருண்டு உருண்டு விடிவதற்குள் செத்துப்போகும். முக்கால்வாசி புல்லாக இருக்கட்டும். குதிரைமசால் என்று ஒரு தீவனப் பயிருக்குச் சும்மாவா பேர் வைத்தார்கள்? மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் பொங்கல் ஊட்டியவர் ஒருவரையும் அறிவேன். வேண்டாம்.

ராசி பார்க்கும் முடிச்சுழி

பாருங்கள். குளம்பைப் பார்த்த பிறகு.

ரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாமல் கொட்டகைக்குள் விடுவது

கிளாண்டர்ஸ் என்ற நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. மனிதருக்கும் தொற்றும். வெளியே ஒன்றும் தெரியாமலே குதிரை அதைச் சுமந்து திரியலாம். 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி இது கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உறுதி செய்துவிட்டால் குதிரையைக் கருணைக்கொலை செய்தாக வேண்டும், சுற்றுவட்டாரத்துக் குதிரைகள் நகரத் தடை. இழப்பீடு உண்டு. நீங்கள் கொடுத்த விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. வெளிமாநிலத்திலிருந்து லாரியில் வரும் குதிரை என்றால் சான்றைக் கையில் வாங்கிய பிறகுதான் பணம். அப்புறமும் சில வாரம் தனியாகக் கட்டுங்கள்.

கல்யாண ஊர்வலத்துக்கு விட்டு சம்பாதித்துக்கொள்ளலாம்

முடியாது. முகூர்த்த நாட்கள் எத்தனை, தீனி போடும் நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வண்டியில் பூட்டுவதாக இருந்தால் வண்டி இழுக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளையும் படித்துவிடுங்கள்: ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை கூடாது. மிருகவதைச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய் வரை. 1960இல் போட்ட சட்டம். இந்த லட்சணத்தில் யார் பயப்படுவார்கள்?

என் குதிரை இன்னும் தோப்பில்தான் நிற்கிறது. பதினாறு வயது. வேலை எதுவும் இல்லை, வேளை தவறாமல் சாப்பாடு.

நேற்று திருப்பூர்த் தம்பி கூப்பிட்டான். போய்ப் பார்த்தானாம். காலில் கட்டு இருந்ததாம். அவிழ்க்கச் சொன்னதற்கு "ஈ கடிக்கும், வேண்டாங்க" என்றாராம் தரகர். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குச் சேர்ந்து போகலாம், அதுவரை பொறு என்றேன். சரி அண்ணா என்றான். ராத்திரி இன்னொரு வீடியோ வந்திருக்கிறது.