லோகோ அப்புறம், முதலில் ஹார்டு டிஸ்க்கைத் திறங்கள்

சேலத்தில் போட்டோ ஸ்டுடியோ ஆரம்பிக்கிறவர்கள் பலரும் முதலில் போய் நிற்பது டிசைனரிடம்தான். நானும் அப்படித்தான் போய் நின்றேன். கேமரா லென்ஸ் மாதிரி ஒரு வட்டம், அதற்குள் என் இனிஷியல், கறுப்பில் தங்க நிறம், நாலாயிரம் ரூபாய். போர்டு மாட்டிய மறுநாள் டீ குடிக்கப் போகும்போதுதான் கவனித்தேன், எங்கள் ரோட்டிலேயே இன்னும் இரண்டு கடையில் அதே வட்டம், அதே தங்கம், எழுத்து மட்டும் வேறு. அந்த முகூர்த்த சீசன் முழுக்க அவர்களைத் தேடி வந்தவர்கள் என் படியேறினார்கள். என்னைத் தேடி வந்தவர்கள் எந்தப் படி ஏறினார்களோ.

உங்களைத் தனியாகக் காட்டப்போவது லோகோ இல்லை, உங்கள் படம்தான். அதனால் முதல் வேலை ஹார்டு டிஸ்க். போன ஒரு வருடத்தில் எடுத்ததில் உங்களுக்கே பிடித்த நாற்பது படங்களைப் பொறுக்குங்கள், காசுக்கு எடுத்ததும் சும்மா எடுத்ததும் கலந்தே இருக்கட்டும். நாலுக்கு ஆறு சைஸில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதைப் பக்கத்தில் பக்கத்தில் தள்ளி வையுங்கள். மொபைலில் தள்ளிப் பார்த்தால் இது பிடிபடாது. எந்தக் குவியல் பெரிதோ, அதுதான் நீங்கள்.

என் விஷயத்தில் அது ஏற்காட்டுப் பனிமூட்டமாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, லேடீஸ் சீட்டில் ஜோடியை நிறுத்தி எடுத்த அவுட்டோரில் தேறியது மூன்றே படம், அதுவும் யார் எடுத்தாலும் அப்படித்தான் வரும். பெரிய குவியல் முழுக்கக் கைகள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை ஒன்றில் பொழுது போகாமல் எடுத்தது ஒன்று: பற்றவைக்கிற நெருப்பின் வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும், கரி ஏறிய இரண்டு நகம், நடுவில் அரிசி அளவுக்கு ஒரு மணி. மூன்றாவது முடிச்சுப் போடும் நாத்தனாரின் விரல் இன்னொன்று. இப்படியே பதினேழு.

சரி, இது உங்கள் பிரமையா என்று எப்படித் தெரியும்? பழைய கஸ்டமர் நாலு பேருக்குப் போன் போடுங்கள். “படம் எப்படி இருந்தது” என்று கேட்டால் “சூப்பருங்க” என்றுதான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஹாலில் எந்தப் படத்தை மாட்டியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எனக்கு ஒரு பெண்ணின் அப்பா சொன்னார்: “ஸ்டேஜ் படம் ஆல்பத்தோட பீரோவுல கிடக்குது தம்பி. எங்கம்மா பொண்ணு கையப் புடிச்சுக்கிட்டு இருக்குதுல்ல, அதைத்தான் மாட்டியிருக்கோம்.”

குவியல் பிடிபட்டதும் அதை ஒரே வரியில் எழுதுங்கள். எதிர்க்கடை பெயரைப் போட்டாலும் பொருந்துகிறது என்றால் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதுதான். ‘மறக்க முடியாத தருணங்கள்’ எல்லாம் எல்லா போர்டிலும் இருக்கிறது.

மலையிலேயே குடியிருப்பவர் என்றால் உங்கள் வரி வேறாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து பத்து நாள் வாக்கில் காப்பிச் செடி வெள்ளையாகப் பூக்கும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்த நாளைக் கீழே இருந்து வருகிறவன் பிடிக்கவே முடியாது. அது உங்கள் கையில் மட்டும் இருக்கிற சரக்கு.

கலர் விஷயத்திலும் ஒரு முடிவுக்கு வாருங்கள். நான் தோலை வெளுக்க வைப்பதில்லை, மண்டபத்து எல்இடி எந்தக் கலரில் அடித்தாலும் அரக்குப் பட்டு அரக்காகவே தெரிய வேண்டும், இதை அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுவேன். “கொஞ்சம் கலராக் காட்டுங்க” என்று கேட்டு இரண்டு ஆர்டர் போனது உண்மைதான். போகட்டும். ஆனால் ஒரு ஆல்பத்தில் ஆரஞ்சு, இன்னொன்றில் நீலம் என்று வாரம் ஒரு ப்ரீசெட் (ரெடிமேட் கலர் செட்டிங்) மாற்றினால், எந்தப் படம் உங்களுடையது என்று உங்கள் மனைவிக்கே தெரியாது.

பெயர் வைப்பது சின்ன வேலை. கல்யாண வீட்டுப் பாட்டி போனில் சொன்னால் மறுமுனையில் புரிய வேண்டும், அவ்வளவுதான். வைப்பதற்கு முன் டிரேட்மார்க் இணையதளத்தில் தேடிப் பாருங்கள், அதற்குக் காசில்லை. டிரேட்மார்க்கில் தொழில்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள், போட்டோகிராபி 41ஆம் வகுப்பில் வரும். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 4,500 ரூபாய், பதிவானால் 10 வருடம் செல்லும். முதல் வருடமே செய்யாவிட்டாலும் குடி முழுகாது.

இதையெல்லாம் உட்கார்ந்து செய்ய ஆடி மாதம்தான் தோது. கல்யாணம் கிடையாது, கோட்டை மாரியம்மன் பண்டிகை வேறு ஊரையே வெளியே கொண்டுவந்து விட்டுவிடும். உங்கள் குவியலில் குறைகிற படங்களை யாரும் காசு கொடுக்காமலே போய் எடுத்துவிட்டு வாருங்கள். நான் போன ஆடியில் பொங்கல் பானைக்கு விறகு தள்ளும் கைகளை எடுத்தேன். இன்ஸ்டாகிராமில் மேலே பின் செய்திருப்பதும் அதைத்தான்.

அந்தத் தங்க வட்டத்தை மட்டும் இன்னும் இறக்கவில்லை. புது போர்டுக்கு ஆள் சொல்லியாயிற்று, ஆடி முடியட்டும் என்கிறார்.