கோப்பு இருக்கிறது, செயற்பாட்டைக் காணவில்லை

சென்ற ஆண்டு நன்றாக நடந்த இணையவழிக் குழுச் செயற்பாடு ஒன்றை இவ்வாண்டும் நடத்தலாம் என்று பழைய கோப்பைத் திறந்தேன். பன்னிரண்டு படவில்லைகள் இருந்தன. யார் யாரோடு சேர வேண்டும், எவ்வளவு நேரம் பேச வேண்டும், முடிவில் எதை எழுதித் தர வேண்டும் என்பவை எங்கும் இல்லை. அவற்றையெல்லாம் அன்று சூமில் வாயால் சொல்லியிருந்தேன். பாடப்பொருளைச் சேமித்துவிட்டுச் செயற்பாட்டைச் சேமித்ததாக நினைப்பதுதான் இந்த வேலையில் முதல் தவறு. மாணவரிடம் சொல்லும் சொற்களை அப்படியே ஒரு தாளிலும், ஆசிரியர் மட்டும் அறிய வேண்டியவற்றை இன்னொரு தாளிலும் எழுதிவைத்தால்தான் அடுத்த ஆண்டு அது மீண்டும் உயிர்பெறும்.

இரண்டாவது தவறு சற்று ஆழமானது. ஒரு வினாவைக் கொடுத்து, ‘குழுவாகக் கலந்துரையாடி விடை எழுதுக’ என்று விட்டுவிடுகிறோம். வட்ஸ்அப் குழுவில் நடப்பது எல்லோருக்கும் தெரியும்: இரவு பத்து மணிக்கு ஒரு மாணவி முழுவதையும் எழுதிப் போடுவாள், மற்ற மூவரும் கைகூப்பும் படம் அனுப்புவார்கள். பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. தனியொருவரால் முடிக்கக்கூடிய வேலையை நால்வருக்குக் கொடுத்தால் ஒருவர்தான் முடிப்பார்.

1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில், இனப் பிரிவினை நீங்கிப் புதிதாக ஒன்றுசேர்ந்த வகுப்பறைகளில் பிள்ளைகள் முட்டிக்கொண்டிருந்த வேளையில் எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி கண்டார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். வெவ்வேறு குழுக்களில் ஒரே துண்டைப் பெற்றவர்கள் முதலில் ஒன்றுகூடிப் படித்தார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவரைக் கேட்காமல் எவரும் பாடத்தை முழுமையாக அறிய முடியாது.

நம் ஊருக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தடி நீரை எடுத்துக்கொள்வோம். நீர் ஊடுருவும் சுண்ணக்கல் ஒரு துண்டு. வற்றாத ஆறே இல்லாத மண்ணில், வழுக்கியாறுகூட மழைக்காலத்தில் மட்டும் ஓடும் நிலையில், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரிமழை கிணறுகளை நிரப்புவது இரண்டாவது. உவர்நீரின் மேல் நன்னீர் மிதப்பதும், அளவுமீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறுவதும் மூன்றாவது. உரத்தாலும் மலக்குழிகளாலும் நீரில் சேரும் நைத்திரேற்று நான்காவது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு. இனி வினா: ‘குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் உப்புத் தட்டத் தொடங்கிய தோட்டக் கிணறு ஒன்றை ஆழமாக்கி, அதன் நீரைக் குடிக்கவும் பயன்படுத்தலாமா?’ மழையை மட்டும் படித்தவர் மாரி வரட்டும் என்பார். உவர்நீரைப் படித்தவர் வெட்டவே வேண்டாம் என்பார். நைத்திரேற்றுத் தாளை வைத்திருப்பவர் உப்புப் போனாலும் குடிக்கலாமா என்று கேட்பார். அங்கே பேச்சு தொடங்கும். ‘நான்கு துண்டு, ஒரு தீர்ப்பு’ என்ற சட்டகம் அப்படியே இருக்க, வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர் துண்டுகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எது சட்டகம், எது மாற்றத்தக்கது என்று தாளிலேயே அடையாளமிட மறப்பதும் ஒரு தவறுதான்.

துண்டு நான்கு என்றால் ஆளும் நான்கு என்று எழுதிவைப்பது அடுத்த பொறி. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. இப்போது அந்த நிலை இல்லை. ஆனால் டேட்டா முடிகிறது, அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே கைபேசி, ரியூசன் நேரம் குறுக்கிடுகிறது. ஒருவர் வராவிட்டால் அவருடைய துண்டும் வராது, குழு முடங்கும். ஆகவே வந்தவர்களை எண்ணிய பின்பே குழு பிரியுங்கள். மூவரே இருந்தால் நான்காம் துண்டின் சுருக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். ஐவர் இருந்தால் ஒரு துண்டை இருவர் பகிரட்டும். நேரலைக்கு வர முடியாதவர்கள் குரற்பதிவு அனுப்பி ஒரே நாளில் முடிக்கும் வடிவம் ஒன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

‘வரும் வெள்ளிக்குள்’, ‘போன கிழமை பார்த்ததுபோல’ என்ற சொற்கள் தாளை ஒரே ஆண்டில் கிழடாக்கிவிடும். ‘தொடங்கியதிலிருந்து மூன்றாம் நாள்’ என்றால் எந்த ஆண்டுக்கும் பொருந்தும். ‘வலப்பக்க நீலப் பொத்தானை அழுத்துக’ என்பதும் தாளைக் கிழடாக்கும். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் பொத்தான் இடம்மாறிவிடும். ‘நால்வர் தனியே பேசும் இடம்’ என்று தேவையை எழுதினால் சூமோ, மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளமோ எதுவும் சரி. மூடிலில் பாடநெறியை நகலெடுக்கும்போது பழைய மாணவர் எழுதியவை உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

எழுத்துருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்ட தாளை அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குவிந்து கிடக்கும். இன்னும் எத்தனை நல்ல ஒப்படைகள் இப்படியே புதைந்துபோயினவோ! எல்லாக் கருவிகளிலும் தெரியும் ஒருங்குறியில் (யூனிகோட்) எழுதுங்கள். படங்களுக்குப் பகிரும் உரிமை உண்டா என்றும் பாருங்கள்.

இவ்வளவையும் கேட்டவர்கள் மறுபக்கம் சாய்ந்துவிடுவதுண்டு: நிமிடத்துக்கு ஒரு கட்டளை, ஆளுக்கு ஒரு பதவி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வார்ப்பு. இந்த அளவுமீறிய ஒழுங்கு பேச்சையே கொன்றுவிடும் என்று பியர் டிலன்பூர் என்ற கல்வி ஆய்வாளர் 2002இலேயே எச்சரித்தார். கிணற்று வினாவில் நான் கட்டாயப்படுத்துபவை இரண்டே: ஒவ்வொருவரும் தம் துண்டைச் சொல்ல வேண்டும், தீர்ப்பில் நான்கு துண்டுகளும் தெரிய வேண்டும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

தாள் தயாரானதும் வேறு பாடசாலையில் உள்ள ஆசிரியர் ஒருவருக்கு எந்த விளக்கமும் சொல்லாமல் அனுப்புங்கள். அவர் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தாளில் விடுபட்ட ஒரு வரி. எனக்கு வந்த முதல் அழைப்பு, ‘தீர்ப்பை யார் எழுதுவது, சேர்?’ என்பது. அதை நான் எழுதியிருக்கவே இல்லை.