மல்லிக்கு விலை போடுவது எந்த மெத்தட்? ஓவர்ரைடிங்கைப் புரிந்துகொள்ள ஒரு பில்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கடைக்கு ஜாவாவில் பில் போடும் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பூ என்று ஒரு கிளாஸ், அதாவது ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்குவதற்கான அச்சு. ஜாவாவில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், நாம் எழுதியதைச் சரிபார்த்து மொழிமாற்றும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். பூ கிளாஸில் விலை என்று ஒரு மெத்தட், அதாவது கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் பகுதி. எத்தனை கிலோ என்பதை டபுளாக (தசம எண்ணாக) வாங்கி, கிலோ விலையால் பெருக்கித் தரும். சம்பங்கி, செவ்வந்தி கிளாஸ்களுக்கு எக்ஸ்டெண்ட்ஸ் பூ என்று போட்டால் போதும், அந்த மெத்தட் தானாக வந்துவிடும். இன்ஹெரிட்டன்ஸ் இவ்வளவுதான்.

மல்லி அப்படி இல்லை, முகூர்த்த நாளில் விலை எகிறிவிடும். அதனால் மல்லி கிளாஸுக்குள் அதே பெயரில், அதே டபுள் பாராமீட்டரோடு (மெத்தட் வாங்கிக்கொள்ளும் மதிப்பு) விலை மெத்தடைத் திரும்ப எழுதுங்கள். உள்ளே, தாய் கிளாஸைக் குறிக்கும் சூப்பர் மூலம் பூவின் பழைய மெத்தடைக் கூப்பிட்டு, வந்த தொகையோடு முகூர்த்தக் கூடுதலைச் சேருங்கள். இதுதான் ஓவர்ரைடிங்.

இப்போது பூ வகை லிஸ்ட் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு, லூப்பில் ஒவ்வொன்றாக விலை கேட்டால் எது ஓடும்? வேரியபிளின் வகை பூ தான், ஆனாலும் உள்ளே இருப்பது மல்லி ஆப்ஜெக்ட் என்றால் மல்லியின் மெத்தடே ஓடும். பூவில் அப்படி ஒரு மெத்தட் இருக்கிறதா என்பதை மட்டும் கம்பைலர் பார்க்கும், எதை ஓட்டுவது என்பது ஓடும் நேரத்தில் ஆப்ஜெக்ட்டைப் பார்த்து முடிவாகும். நாளைக்குப் பிச்சிப்பூ சேர்ந்தாலும் லூப்பைத் தொட வேண்டியதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான். ஆனால் ஃபீல்டு (கிளாஸுக்குள் வைக்கும் வேரியபிள்), ஸ்டாட்டிக் மெத்தட் (ஆப்ஜெக்ட்டுக்கு இல்லாமல் கிளாஸுக்கே உரிய மெத்தட்) இரண்டுக்கும் இது செல்லாது, அங்கே வேரியபிளின் வகைதான் பேசும்.

அப்புறம் ஒரு பொறி. மல்லியில் டபுளுக்குப் பதில் இன்ட் (முழு எண்) என்று எழுதிவிட்டால் அது ஓவர்ரைடு ஆகாது, ஓவர்லோடு ஆகிவிடும், அதாவது அதே பெயரில் வேறு பாராமீட்டரோடு இன்னொரு தனி மெத்தட். எந்த எர்ரரும் வராது, லூப் சத்தமில்லாமல் பூவின் மெத்தடையே கூப்பிட்டு முகூர்த்த நாளிலும் சாதா விலையில் பில் அடிக்கும். மெத்தடுக்கு மேலே அட் ஓவர்ரைடு (@Override) என்ற குறிப்பைப் போட்டிருந்தால் கம்பைலர் அங்கேயே நிறுத்தும். 2004-இல் ஜாவா 5-ஓடு வந்த வசதி இது, ஒரு இடம் விடாமல் போடுங்கள்.

மாலையையும் எக்ஸ்டெண்ட்ஸ் பூ என்று எழுதாதீர்கள். மாலை பூ இல்லை, அதில் பூக்கள் இருக்கின்றன. மாலை கிளாஸுக்குள் பூக்களின் லிஸ்ட்டை ஒரு ஃபீல்டாக வைத்து, ஒவ்வொன்றின் விலையையும் கூட்டி, கட்டுக்கூலியைச் சேர்த்துக் கொடுத்தால் சரி.