எஞ்சினியரிங் படித்துவிட்டு பேங்கிங் போக வேண்டுமா? முதலில் காலண்டரைப் பாருங்கள்

சிங்கப்பூரில் இன்வெஸ்ட்மென்ட் பேங்குகள் (கம்பெனிகள் முதல் திரட்டவும் இணையவும் உதவுபவை) அனலிஸ்ட் என்ற ஆரம்பநிலை வேலைக்குப் பெரும்பாலும் தங்களிடம் ஏற்கெனவே இன்டர்ன்ஷிப் செய்தவர்களையே எடுக்கின்றன. அதனால் என்டியூவில் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) கடைசி வருஷப் புராஜெக்ட்டை முடித்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் பஸ் போயிருக்கும். அதற்கு முந்தைய வருஷ விடுமுறை இன்டர்ன்ஷிப்தான் வாசல். அதைப் பிடிக்கவே முன்னதாக ஒன்றிரண்டு சின்ன அனுபவம் கேட்பார்கள்: சிறிய ஆலோசனை நிறுவனம், தணிக்கை நிறுவனத்தின் மதிப்பீட்டுப் பிரிவு, எதுவானாலும் சரி. இதற்காக ஒரு செமஸ்டர் லீவ் போடுவது இங்கே சகஜம். பையன்களுக்கு ஓஆர்டிக்கும் (தேசிய சேவை முடியும் நாள்) வகுப்பு தொடங்குவதற்கும் நடுவே சில மாதங்கள் கிடைக்கும். "இப்பத்தானே வந்த, கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்பார் அம்மா. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அடுத்து கணக்கியல். இன்டர்வியூவில் அடிக்கடி வரும் கேள்வி: தேய்மானம் (இயந்திரத்தின் மதிப்புக் குறைவைச் செலவாக எழுதுவது) 10 டாலர் கூடினால் லாப நட்டம், பணப்புழக்கம், இருப்புநிலை என்ற மூன்று அறிக்கைகளிலும் என்ன ஆகும்? இங்கே கம்பெனி வரி 17 சதவீதம், அந்த 10க்கு வரியில் 1.70 மிச்சம், ஆகவே நிகர லாபம் 8.30 குறையும். தேய்மானத்தால் கையிலிருந்து காசு போவதில்லை என்பதால் பணப்புழக்கத்தில் அந்த 10ஐத் திரும்பக் கூட்ட, ரொக்கம் 1.70 ஏறும். இருப்புநிலைக் குறிப்பில் இயந்திரம் 10 இறங்கி, ரொக்கம் 1.70 ஏறி, சொத்து மொத்தத்தில் 8.30 குறைவு, எதிர்ப்பக்கம் பங்குதாரர் நிதியும் அதே 8.30 குறைவு. உள்ளே வருவதும் வெளியே போவதும் சரிக்கட்ட வேண்டும் என்று எஞ்சினியரிங்கில் நாம் போட்டுப் பழகிய மாஸ் பேலன்ஸேதான், பெயர்தான் வேறு.

இன்டர்வியூவில் பேச ஒரு டீலும் (கம்பெனிகள் இணைவது, வாங்கப்படுவது போன்றது) வேண்டும். எல்லாரும் சொல்லும் டெக் கம்பெனியை விட்டுவிட்டு, கெப்பலின் கடல்சார் பிரிவு செம்ப்கார்ப் மரீனுடன் 2023ல் இணைந்து சீட்ரியம் ஆனதை எடுத்துக்கொள்ளுங்கள். பங்குதாரர்களுக்கு அனுப்பிய ஆவணம் எஸ்ஜிஎக்ஸ் (சிங்கப்பூர் பங்குச் சந்தை) தளத்தில் இலவசம். எண்ணெய்த் துளைமேடை கட்ட எவ்வளவு காலம், எவ்வளவு முதல் முடங்கும் என்று பேச பிசினஸ் மாணவனைவிட உங்களுக்குத்தான் வாய் வரும்.

"ஏன் எஞ்சினியரிங்கை விடுகிறாய்?" என்று கட்டாயம் கேட்பார்கள். நான் முதல் தடவை "சம்பளம் பத்தாது" என்று உண்மையைச் சொன்னேன். எதிரே இருந்தவர் சிரித்தபடியே என் சிவியைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த தடவை, ஒரு இன்டர்ன்ஷிப்பில் பம்ப் வாங்க விலைப்புள்ளிகளை ஒப்பிட்டபோது பம்பைவிட விலைதான் என்னை இழுத்தது என்று சொன்னேன். அதுவும் உண்மைதான், இரண்டாவது சுற்றுக்குக் கூப்பிட்டார்கள்.