பழைய காருக்கு சிலிண்டர் ஹெட்டும் கார்புரேட்டரும் தேர்ந்தெடுக்கும் முறை

சாலையில் அன்றாடம் ஓடும் காரின் எஞ்சின், பெரும்பாலான நேரம் நிமிடத்துக்கு 1,500 முதல் 3,500 சுற்றுகளுக்குள்தான் சுழல்கிறது. பந்தயத்துக்கென்று செய்த பாகங்கள் வேலை காட்டத் தொடங்குவதோ அதற்கு வெகு மேலே. ஆகவே எஞ்சினின் கொள்ளளவு, கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் காற்றுக் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது), கேம்ஷாஃப்டின் லிஃப்ட் (அது வால்வைத் தூக்கும் உயரம்), கியர்பாக்ஸின் வகை, பின் அச்சின் கியர் விகிதம் ஆகியவற்றை முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இவை தெரியாமல் பாகம் வாங்கப் புறப்படுவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

செலவு குறைவு என்பதால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பலர் முதலில் மாற்றுகிறார்கள். அது தலைகீழான வரிசை. காற்று தாராளமாக நுழைய முடியாத பழைய ஹெட்டின் (சிலிண்டர்களை மேலே மூடி, வால்வுகளைத் தாங்கும் பாகம்) மேல் பெரிய கார்புரேட்டரைப் பொருத்தினால், பெட்ரோல் செலவு கூடுமே தவிர இழுவை கூடாது.

ஷெவ்ரோலே ஸ்மால் பிளாக் 350 கன அங்குல எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இதற்கு, சாலை ஓட்டத்துக்கு இன்டேக் போர்ட்டின் (ஹெட்டுக்குள் காற்றுக் கலவை நுழையும் வழி) கொள்ளளவு 170 முதல் 195 சிசி வரை இருந்தால் போதும். போர்ட் அதைவிட மிகப் பெரிதானால் குறைந்த சுற்றுகளில் காற்றின் வேகம் தளர்ந்து பிக்கப் போய்விடும். எரியறை 76 சிசியிலிருந்து 64 சிசிக்கு மாறினால், மற்றவை மாறாதிருக்க, கம்ப்ரஷன் விகிதம் ஏறத்தாழ ஒரு புள்ளி உயரும். கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேன் (தானாக வெடிக்காமல் அமுக்கத்தைத் தாங்கும் தரம்) அதற்கு ஈடுகொடுக்குமா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அலுமினிய ஹெட் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால், இரும்பு ஹெட்டைவிடச் சற்றுக் கூடுதலான கம்ப்ரஷனை நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) இல்லாமல் தாங்கும். ஹெட்டின் விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் காற்றோட்ட எண் (போர்ட் வழியே செல்லும் காற்றின் அளவு) பெரும்பாலும் 0.600 அங்குல லிஃப்டுக்கு உரியது. உங்கள் கேம் 0.450 அங்குலம்தான் தூக்குகிறது என்றால் அந்த எண்ணால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, 0.300 முதல் 0.450 வரையிலான எண்களையே ஒப்பிட வேண்டும். பழைய இரும்பு ஹெட்டையே சீரமைத்துப் பயன்படுத்துவதானால், ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளை (புகை வெளியேறும் வால்வு மூடும்போது அமரும் வளையங்கள்) பொருத்திவிடுவது நல்லது.

ஹெட்டையோ கேமையோ மாற்றினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அளந்தே ஆக வேண்டும். பிஸ்டனின் தலையில் மாடலிங் களிமண்ணை ஒட்டி, வால்வில் ஒட்டிக்கொள்ளாதபடி மேலே எண்ணெய் தடவி, ஹெட்டைப் பொருத்தி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றிய பின் ஹெட்டைக் கழற்றி, களிமண்ணை பிளேடால் குறுக்கே வெட்டினால் மிக மெல்லிய இடம் தெரியும். அது இன்டேக்கில் 0.080 அங்குலத்துக்கும் எக்ஸாஸ்டில் 0.100 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டர், எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் வகையானால் அமுங்கித் தவறான அளவைக் காட்டும் என்பதால், இந்தச் சோதனைக்கு மட்டும் அமுங்காத சாலிட் லிஃப்டரைப் போட வேண்டும்.

கார்புரேட்டரின் அளவை ஊகிக்கத் தேவையில்லை. கன அங்குலத்தை உச்ச சுற்று எண்ணால் பெருக்கி 3,456 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது கிடைக்கும். 350 கன அங்குலம், 5,500 சுற்று என்றால் 557. சாலை எஞ்சின் நடைமுறையில் அதில் 85 விழுக்காடு அளவே நிரம்பும் என்று கொண்டால் சுமார் 473. எனவே 600 கன அடி கார்புரேட்டரே தாராளம். ஆசைப்பட்டு 750-ஐப் பொருத்துபவருக்கு, கார்புரேட்டரின் குறுகலான கழுத்தாகிய வென்சுரியில் காற்று மெதுவாகச் செல்வதால் பெட்ரோலை இழுக்கும் விசை குறைந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி திணறுவதே மிச்சமாகலாம். கனமான வண்டிக்கும் ஆட்டோமேட்டிக் கியருக்கும் வெற்றிடத்தால் திறக்கும் செகண்டரி (அதிகக் காற்று தேவைப்படும்போது திறக்கும் இரண்டாவது வாய்) உள்ள கார்புரேட்டரே என் தேர்வு. எடை குறைந்த மேனுவல் வண்டிக்கு, ஆக்சிலரேட்டரோடு நேரடியாக இணைந்து திறக்கும் மெக்கானிக்கல் செகண்டரி பொருந்தும்.

ஹாலி நிறுவனக் கார்புரேட்டர் வகையில், சுமை கூடும்போது கூடுதல் பெட்ரோல் தரும் பவர் வால்வைத் தேர்ந்தெடுக்க, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் ஐட்லிங்கில் மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து ஹெட்டுக்குச் செல்லும் குழாய்) வெற்றிடத்தை அளந்து, அதில் பாதியை எடுத்துக்கொள்வது வழக்கம். அளவி 13 அங்குலம் (பாதரச அளவு) காட்டினால் 6.5 எண்ணுள்ள வால்வு. ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை அழுத்தியபடி கியரில் போட்டு இதை அளக்க வேண்டும், ஏனெனில் நியூட்ரலில் வெற்றிடம் கூடுதலாகக் காட்டும்.