டெஸ்டோஸ்டிரோன் குறைவா? ஊசிக்கு முன்னால் செய்யும் தவறுகள்

முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்களில் இப்போது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனையும் சேர்த்துவிடுகிறார்கள். முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் ஆபீஸ் முடிந்து, டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு லேபில் ரத்தம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வருகிறது: 248, பக்கத்திலேயே தடித்த எழுத்தில் ‘குறைவு’. அன்று இரவே ஊசி எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்.

அந்த 248-ஐ வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது சாயச் சாய இறங்கும். இளவயதினருக்கு இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். சாப்பிட்டாலும் குறையும். அதனால் வெறும் வயிற்றில், காலை 7 முதல் 10 மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும். குறைவு என்று வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடியும் பார்க்க வேண்டும். காய்ச்சல், ஆபரேஷன் என்று உடம்பு அடிபட்டிருக்கும் சமயத்தில் அளவு தானாகவே சரியும், தேறிய பிறகு பார்ப்பதுதான் சரி. முடி கொட்டுவதற்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்லிவிட வேண்டும். சில வகை டெஸ்டுகளில் அது அளவை உண்மையைவிடக் கூட்டிக் காட்டிவிடும். எல்லைக்கோடே எல்லோருக்கும் ஒன்றில்லை. அமெரிக்க சிறுநீரியல் மருத்துவர் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்கிறது, அங்குள்ள ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 264 என்கிறது.

எண் மட்டும் போதாது, அறிகுறியும் வேண்டும். சோர்வு, தொப்பை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டுவது அடுத்த தவறு. தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, ராத்திரி ஷிப்ட் என்று எதுவும் இதே சோர்வைத் தரும். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயதுக்குட்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், ஹார்மோன் குறைவோடு தெளிவாக ஒட்டிவந்தவை மூன்றே அறிகுறிகள்: ஆசை குறைவது, காலையில் தானாக வரும் விறைப்பு குறைவது, உறவின்போது விறைப்பு கிடைக்காமல் போவது. மூன்றும் சேர்ந்து, ரத்த அளவும் குறைந்திருந்தவர்கள் சுமார் 2 சதவீதம்தான்.

விறைப்புக் குறைவு மட்டும் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தக் குழாய்களை. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிகரெட் இருக்கிறவர்களுக்கு மாரடைப்பு வருவதற்குச் சில வருடங்கள் முன்பே இப்படி அடையாளம் காட்டலாம். இதயத்தைப் பார்க்காமல் ஹார்மோனைத் துரத்துவது வீண்வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

உடல் பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். டெஸ்டோஸ்டிரோனைச் சுமக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் அவர்களுக்குக் குறைவாக இருப்பதால் மொத்த அளவு குறைந்து தெரியும், உடம்பு பயன்படுத்தும் பங்கு சரியாகவே இருக்கலாம். நிஜமாகவே குறைந்திருந்தாலும், எடை கணிசமாக இறங்கினால் பலருக்கு அளவு தானாக ஏறும்.

குறைவு உறுதியான பிறகு ‘ஏன்’ என்று கேட்காமல் மருந்தை ஆரம்பிப்பதும் தவறு. விதைப்பையை வேலை செய்யத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள் கூடியிருந்தால் கோளாறு விதைப்பையில். கூடாமல் இருந்தால் அவற்றைச் சுரக்கும் பிட்யூட்டரியை, அதாவது மூளையின் அடியில் உள்ள சுரப்பியைப் பார்க்க வேண்டும். ப்ரோலாக்டின் என்ற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோன் மிக அதிகமாக இருந்தால் அங்கே கட்டி இருக்கலாம். பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும் கட்டி அது. நாள்பட்ட டிரமடால் போன்ற வலி மருந்துகள், ஸ்டீராய்டு மாத்திரை, ஜிம்மில் யாரோ போட்டுவிட்ட ‘கோர்ஸ்’, இவையும் காரணமாகலாம். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இருப்பதிலேயே பெரிய தவறுக்கு வருவோம். குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வது. ஆண்மைக்கான ஊசிதானே, விந்தணுவும் கூடும் என்ற நினைப்பு. நடப்பது நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், ‘போதுமான அளவு இருக்கிறது’ என்று மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் அடக்கிவிடும். விதைப்பை வேலையை நிறுத்திவிடும், விந்தணு பூஜ்யம்வரை இறங்கலாம். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகப் பரிசோதித்து 1990-ல் முடிவை வெளியிட்டது. அதில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆறே மாதத்தில் விந்தணு அறவே இல்லாமல் போனது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். மனைவிக்கு முப்பத்தாறு வயது என்றால் அந்த ஒரு வருடம் சாதாரணமில்லை. பிரச்சினை பிட்யூட்டரி பக்கம் என்றால் எச்.சி.ஜி. ஊசி, குளோமிஃபீன் மாத்திரை போன்ற வேறு வழிகள் உண்டு. கேட்காவிட்டாலும் நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள்: “இன்னும் குழந்தை வேண்டும் சார்.”

டாக்டரிடம் பேசக் கூச்சப்பட்டு, லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரிடம் லேகியம் வாங்குகிறவர்களும் உண்டு. ‘மூலிகை’ என்று விற்கப்படும் இப்படிப்பட்ட சரக்குகளில் சில்டெனாஃபில் (வயாகராவில் உள்ள மருந்து) கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை பிடித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் அபாயகரமாக விழும்.

நிஜமாகவே குறைவு இருப்பவருக்குச் சிகிச்சை நல்ல பலன் தரும். ஆனால் இருபது வயது திரும்பாது. 65 வயதைத் தாண்டியவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில் ஆசையும் செயல்பாடும் ஓரளவு கூடின, உற்சாகம் பெரிதாக மாறவில்லை. இதயத்துக்கு ஆகாது என்ற பயத்தை 2023-ல் வந்த ஐயாயிரம் பேர் ஆய்வு தணித்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் திடீர் சிறுநீரகப் பாதிப்பும் சற்று அதிகமாக இருந்தன.

ஊசி ஆரம்பித்தபின் டாக்டர் பக்கமே போகாமல் இருப்பவர்கள் நிறைய. மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் ஹார்மோன் அளவையும் ஹீமடோக்ரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்க்க வேண்டும், நடுவயதைத் தாண்டியவர்கள் புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ.வையும். ஹீமடோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகிவிட்டது என்று பொருள், மருந்தை நிறுத்திவைத்து காரணம் தேட வேண்டும். ஊசிக்குப் பதில் ஜெல் பூசுகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பூசிய இடம் காய்ந்ததும் சட்டையால் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தோளில் குழந்தையைத் தூக்கிப் போட்டுக்கொண்டால் மருந்து அதன் உடம்பிலும் ஏறும்.